நான்காம் எண்ணில் மட்டும் சுழலும் விசிறி

மழைக் காலத்தில் மலைப்பாதையில் காரில் போயிருக்கிறீர்களா? போனதில்லை என்றாலும் பரவாயில்லை. இப்போது கற்பனையில் போய் வருவோம், வாருங்கள்.

மாமாவின் காரில் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். இருபது ஆண்டுகள் ஓடிய பழைய கார் அது. உள்ளே ஐந்து பேர். மழைக்காகக் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டீர்கள். ஐந்து பேர் விடும் மூச்சிலும் நீராவி இருக்கிறது. வெளியே குளிர், அதனால் முன்கண்ணாடியும் குளிர்ந்திருக்கிறது. அந்தக் கண்ணாடியில் பட்ட நீராவி நுண்ணிய துளிகளாகப் படிகிறது. சிறிது நேரத்தில் கண்ணாடி முழுவதும் பால் பூசியது போல் வெளுத்துவிடுகிறது. முன்னால் கொண்டை ஊசி வளைவு. லாரியின் ஹாரன் கேட்கிறது, லாரி தெரியவில்லை.

மாமா காரை ஓரங்கட்டி நிறுத்துகிறார். விசிறிக் குமிழை 1-க்குத் திருப்புகிறார். சத்தமே இல்லை. 2-க்குத் திருப்புகிறார், இல்லை. 3-லும் இல்லை. கடைசியாக 4-க்குத் திருப்பியதும் 'புர்ர்' என்று காற்று சீறி வருகிறது. இரண்டு நிமிடத்தில் கண்ணாடி தெளிந்துவிடுகிறது.

"மூன்று மாதத்துக்கு முன்னால்தான் ரெசிஸ்டரை மாற்றினேன். மறுபடியும் போய்விட்டதே!" என்கிறார் மாமா.

அவருக்கு எப்படித் தெரிந்தது? கையில் கருவி எதுவும் இல்லை. எதையும் கழற்றிப் பார்க்கவும் இல்லை. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் உண்டு. புதிதாகப் போட்ட பொருள் மூன்றே மாதத்தில் ஏன் கெட வேண்டும்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை காண, உங்கள் இயற்பியல் பாடத்தில் வரும் மின்னோட்டவியலே போதும்.

காற்றைத் தள்ளும் கூண்டு

கார்களில் குளிர்ந்த காற்றும் வெப்பக் காற்றும் வருவதற்கு வேறு வேறு ஏற்பாடுகள் உள்ளன. குளிர்சாதனத்தின் குளிர்ச்சுருள் காற்றைக் குளிர்விக்கிறது. அத்துடன் காற்றிலுள்ள ஈரத்தையும் தன்மேல் படியவைத்து உலர்த்திவிடுகிறது. எஞ்சினின் சூடான நீர் ஓடும் மற்றொரு சுருள் காற்றைச் சூடாக்குகிறது. ஆனால் இரண்டுக்கும் காற்றைத் தள்ளுவது ஒரே விசிறிதான். மெக்கானிக்குகள் இதைப் 'புளோயர்' என்பார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.

இது வீட்டு மின்விசிறி போல் இறக்கைகள் கொண்டதல்ல. உருளை வடிவில், சுற்றிலும் சிறு தகடுகள் நிற்க, பார்ப்பதற்குக் கூண்டு போல் இருக்கும். அணில் ஓடி விளையாடும் கூண்டை நினைவூட்டுவதால் இதற்கு 'அணில் கூண்டு விசிறி' என்றே பெயர். பெரும்பாலான கார்களில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் இருப்பவரின் முழங்காலுக்கு நேரே, டாஷ்போர்டின் உள்ளே இது ஒளிந்திருக்கும். முன்கண்ணாடியின் அடியிலுள்ள சல்லடை வழியாக வெளிக்காற்றை இழுத்து உள்ளே தள்ளும்.

காரின் குளிர்சாதன வரலாற்றிலும் புளோயருக்குத் தனி இடம் உண்டு. அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1939-ஆம் ஆண்டின் இறுதியில், தன் 1940-ஆம் ஆண்டு மாடல் கார்களுக்காகக் குளிர்சாதன வசதியை அறிமுகப்படுத்தியது. வெப்பநிலையைக் கூட்டவோ குறைக்கவோ அதில் வழி கிடையாது. ஓட்டுநர் கையில் இருந்தது புளோயரின் சுவிட்சு மட்டுமே. குளிர்விப்பை முழுவதும் நிறுத்த வேண்டுமானால் எஞ்சின் மூடியைத் திறந்து கம்ப்ரசரின் பெல்ட்டையே கழற்ற வேண்டும்!

நான்கு வேகங்கள், மூன்று சுருள்கள்

புளோயரைச் சுழற்றுவது ஒரு நேர்மின்னோட்ட மோட்டார். கார் பேட்டரியை 12 வோல்ட் என்கிறோம். எஞ்சின் ஓடும்போது மின்னாக்கியும் சேர்ந்துகொள்வதால் ஏறத்தாழ 13.5 வோல்ட் கிடைக்கும். இதை முழுவதும் மோட்டாருக்குக் கொடுத்தால் அது முழு வேகத்தில் சுழலும். குறைந்த வேகம் வேண்டுமானால் என்ன செய்வது?

பழைய கார்களில் கையாண்ட வழி மிக எளியது. மோட்டாருடன் மின்தடைச் சுருள்களைத் தொடராக இணைத்தார்கள். மூன்று சுருள்களை வரிசையாக நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்கு அடுத்தது 'அ', அதற்கடுத்தது 'ஆ', கடைசியில் 'இ'.

குமிழ் 4-ல் இருந்தால் மின்னோட்டம் எந்தச் சுருளிலும் நுழையாமல் நேராகச் செல்லும்.

3-ல் இருந்தால் 'அ' வழியாக மட்டும் செல்லும்.

2-ல் இருந்தால் 'அ', 'ஆ' இரண்டின் வழியாகவும் செல்லும்.

1-ல் இருந்தால் 'அ', 'ஆ', 'இ' மூன்றின் வழியாகவும் செல்லும்.

சில கார்களில் இந்தச் சுருள்கள் மோட்டாருக்கு முன்னால் இருக்கும். சிலவற்றில் பின்னால் இருக்கும். அதனால் வேறுபாடு எதுவும் இல்லை. தொடர் சுற்றில் எல்லா இடத்திலும் ஒரே மின்னோட்டம்தானே ஓடுகிறது? இந்தச் சுருள் தொகுதியைத்தான் மாமா 'ரெசிஸ்டர்' என்றார்.

மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகியவற்றின் தொடர்பை 1827-இல் நூலாக வெளியிட்ட ஜார்ஜ் சைமன் ஓம், ஜெர்மனியில் கொலோன் நகரப் பள்ளி ஒன்றில் ஆசிரியராகப் பணியாற்றியவர். அவருடைய விதியைக் கொண்டு ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

மூன்று சுருள்களும் சேர்ந்து 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். குமிழ் 1-ல் இருக்கும்போது 4 ஆம்பியர் ஓடுகிறது. சுருள்களில் இறங்கும் மின்னழுத்தம் 4 × 2 = 8 வோல்ட். மோட்டாருக்கு மிஞ்சுவது 5.5 வோல்ட்தான். ஆகவே அது மெதுவாகச் சுழலும்.

இப்போது திறனைப் பாருங்கள். மோட்டார் பெறுவது 5.5 × 4 = 22 வாட். சுருள்களில் வெப்பமாக வீணாவது 8 × 4 = 32 வாட்! வேலை செய்வதைவிட வீணாவதே அதிகம். ரேடியோ பழுது பார்க்கும் கடையில் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைப் பார்த்திருப்பீர்கள். அதில் பல 25 வாட் திறன் கொண்டவை. அதைவிட அதிகமான வெப்பம் டாஷ்போர்டுக்குள் உண்டாகிறது!

அப்படியானால் பிளாஸ்டிக் உருகிவிடாதா? அதற்கும் ஒரு வழி செய்திருக்கிறார்கள். ரெசிஸ்டரைப் புளோயரின் காற்றுப்பாதையிலேயே பொருத்தியிருக்கிறார்கள். எந்த மோட்டாரின் வேகத்தை அது குறைக்கிறதோ, அந்த மோட்டார் தள்ளும் காற்றே அதைக் குளிர்விக்கிறது. ஒருவேளை காற்று நின்று சூடு மிகுந்தால்? அதற்காகச் சுருள்களின் தொடக்கத்தில், 'அ'வுக்கு முன்பாக, ஒரு சிறு வெப்ப ஃபியூஸ் உண்டு. குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டினால் அது உருகிச் சுற்றைத் துண்டித்துவிடும்.

அறிகுறியே பாதி விடை

இனி மாமா சொன்னதற்கு வருவோம். 1, 2, 3 எதுவும் வேலை செய்யவில்லை. 4 மட்டும் வேலை செய்கிறது.

4-ல் மோட்டார் சுழல்கிறது என்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது, புளோயரின் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, மோட்டாருக்குள் சுற்று அறுபடவில்லை என்றெல்லாம் தெரிந்துவிட்டது. ஒரே திருப்பலில் இத்தனை பொருள்களையும் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். மற்ற மூன்று வேகங்களும் ஒன்றாகப் போயின. மூன்று தனித்தனிப் பழுதுகள் ஒரே நாளில் நேர்வது அரிது. ஆகவே மூன்றுக்கும் பொதுவான ஓர் இடத்தில்தான் தேட வேண்டும். அது வெப்ப ஃபியூஸ், அல்லது 'அ' சுருள், அல்லது அங்குள்ள இணைப்பு.

மருத்துவர் நோயாளியைப் பார்த்ததும் 'எங்கே வலிக்கிறது?' என்பதோடு 'எங்கே வலிக்கவில்லை?' என்றும் கேட்பதில்லையா? இதுவும் அப்படித்தான். எது வேலை செய்கிறது என்பதும் ஒரு துப்பு. வேறு சில அறிகுறிகளையும் பாருங்கள்.

எந்த எண்ணிலும் சுழலவில்லை: முதலில் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். பின்னர் ரிலே, எர்த் இணைப்பு, மோட்டார் என்று வரிசையாகச் செல்ல வேண்டும். மோட்டாருக்கு மின்சாரம் வருகிறதா என்பதை 12 வோல்ட் பல்பு ஒன்றில் இரண்டு கம்பிகளை இணைத்தே சோதித்துவிடலாம். மின்சாரம் வந்தும் சுழலவில்லை, ஆனால் மோட்டாரின் உறையை மெல்லத் தட்டியதும் சுழலத் தொடங்குகிறது என்றால், உள்ளேயுள்ள கார்பன் பிரஷ்கள் தேய்ந்திருக்கலாம்.

மேடு பள்ளத்தில் நின்று நின்று ஓடுகிறது: இணைப்பு தளர்ந்திருக்கலாம், தேய்ந்த பிரஷ்களாகவும் இருக்கலாம்.

சத்தம் நன்றாகக் கேட்கிறது, காற்று மட்டும் குறைவு: மின்சுற்றைக் குறை சொல்லாதீர்கள். காற்று வடிகட்டி தூசியால் அடைத்திருக்கும். அல்லது காற்றைத் திருப்பும் கதவு பாதியில் நின்றிருக்கும்.

4-ல்கூட மெதுவாகச் சுழல்கிறது, கனெக்டர் தொட்டால் சுடுகிறது: இணைப்பில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கலாம். அதனால் 0.1 ஓம் தடை உண்டானாலும் போதும். 15 ஆம்பியர் ஓடும்போது அங்கே 1.5 வோல்ட் இறங்கிவிடும்; 22.5 வாட் வெப்பம் அந்தச் சிறு இடத்திலேயே பிறக்கும்.

இப்போது உங்களுக்கு ஒரு புதிர். ஒரு காரில் 1, 3, 4 ஆகியவை வேலை செய்கின்றன. 2 மட்டும் வேலை செய்யவில்லை. பழுது எங்கே? மேலே சொன்ன சுருள் வரிசையை ஒரு தாளில் வரைந்து யோசியுங்கள். விடை கட்டுரையின் முடிவில்.

ஞாயிற்றுக்கிழமை ஆராய்ச்சி

கோத்தகிரியிலிருந்து திரும்பியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை மாமாவும் நீங்களும் வேலையைத் தொடங்குகிறீர்கள். முதலில் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்றுகிறார். விபத்தின்போது விரியும் காற்றுப்பை உள்ள கார்களில் மஞ்சள் உறையிட்ட கம்பிகளைத் தொடவே கூடாது என்கிறார். இந்த வேலைகளைப் பெரியவர் துணையின்றி நீங்கள் தனியாகச் செய்யக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

டாஷ்போர்டின் இடப்புறச் சிறுபெட்டியைக் கழற்றியதும் ரெசிஸ்டர் தெரிகிறது. இரண்டே திருகுகள். வெளியே எடுத்து மல்டிமீட்டரில் ஓம் அளவில் வைத்துப் பார்க்கிறீர்கள். மூன்று சுருள்களும் நன்றாக இருக்கின்றன. வெப்ப ஃபியூஸ் மட்டும் அறுந்திருக்கிறது.

கடையில் இன்னொரு ரெசிஸ்டர் வாங்கிப் போட்டால் 1, 2, 3 மூன்றும் உடனே வேலை செய்யும். மூன்று மாதத்துக்கு முன்னால் நடந்ததும் அதுதான். ஆனால் வெப்ப ஃபியூஸ் ஒரு காவல்காரன். காவல்காரன் விழுந்து கிடந்தால் புதுக் காவல்காரனை வைப்பது மட்டும் போதுமா? அடித்தது யார் என்று தேட வேண்டாமா?

மாமா புளோயரையே கழற்றுகிறார். கூண்டுக்குள்ளும் அடியிலும் காய்ந்த புங்க இலைகள்! கார் நிற்பது வாசலில் உள்ள புங்க மரத்தடியில்தான். முன்கண்ணாடியின் அடியிலுள்ள சல்லடை உடைந்திருந்ததால் இலைகள் உள்ளே விழுந்திருக்கின்றன. அவற்றை அகற்றிவிட்டுக் கூண்டைக் கையால் சுழற்றுகிறீர்கள். நன்றாக இருக்கும் புளோயர் சில சுற்றுகள் தானாகவே ஓடி மெல்ல நிற்கும். இதுவோ கையை எடுத்ததும் நின்றுவிடுகிறது. அச்சைத் தாங்கும் புஷ் உலர்ந்து தேய்ந்துபோயிருக்கிறது. இறுகிய மோட்டார்! குற்றவாளி அகப்பட்டான்.

ஆனால் ஒரு சந்தேகம் எழ வேண்டும். மோட்டார் இறுகியிருந்தால் 4-ல் மட்டும் எப்படிச் சுழன்றது?

நின்ற மோட்டார் ஏன் சுடுகிறது?

மோட்டார் சுழலும்போது அது ஒரு மின்னாக்கியாகவும் செயல்படுகிறது. காந்தப்புலத்தில் கம்பிச்சுருள் சுழல்கிறது அல்லவா? அதனால் அதில் ஓர் எதிர் மின்னியக்கு விசை தோன்றுகிறது. வருகிற மின்னோட்டத்தை அது எதிர்த்து நிற்கிறது. வேகமாகச் சுழலச் சுழல இந்த எதிர்ப்பும் கூடும். சுழலாமல் நின்றுவிட்டால் எதிர்ப்பு முற்றிலும் இல்லாமல் போகும். மின்னோட்டத்தைத் தடுக்கக் கம்பிகளின் மின்தடை மட்டுமே மிஞ்சும்.

மோட்டார்ச் சுருளின் மின்தடை 0.3 ஓம் என்று கொள்வோம். குமிழ் 1-ல் இருக்கிறது. மோட்டார் இறுகி நின்றுவிட்டது. மொத்தத் தடை 2 + 0.3 = 2.3 ஓம். மின்னோட்டம் 13.5 ÷ 2.3 = 5.9 ஆம்பியர். சுருள்களின் வெப்பம் = மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை = 5.9 × 5.9 × 2. அதாவது ஏறத்தாழ 70 வாட்.

முன்னே 32 வாட். இப்போது 70 வாட். வெப்பம் இரண்டு மடங்குக்கும் மேல் கூடிவிட்டது. குளிர்விக்கும் காற்றோ துளியும் இல்லை. வெப்ப ஃபியூஸ் வேறென்ன செய்யும்? உருகிவிட்டது.

4-ல் நிலைமை வேறு. அங்கே சுருள்களின் தடை இல்லை. நின்றிருக்கும் மோட்டாரில் தொடக்கத்தில் பாயும் மின்னோட்டம் 13.5 ÷ 0.3 = 45 ஆம்பியர் வரை போகலாம். மோட்டாரின் திருப்புவிசை மின்னோட்டத்தைப் பொறுத்தது. 5.9 ஆம்பியரால் அசைக்க முடியாத புஷ்ஷை அந்தப் பெரிய மின்னோட்டம் அசைத்துவிடுகிறது. சுழலத் தொடங்கியதும் எதிர் மின்னியக்கு விசை தோன்றி, மின்னோட்டம் 15 ஆம்பியர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. இறுகிய மோட்டார், உருகிய ஃபியூஸ், 4-ல் மட்டும் வரும் காற்று மூன்றும் இப்போது ஒரே கதையாகிவிட்டன.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். விளையாட்டுப் பொம்மையிலுள்ள சிறு மோட்டார் ஒன்று, 2.5 வோல்ட் டார்ச் பல்பு ஒன்று, டார்ச் செல்கள் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் தொடராக இணையுங்கள். மோட்டார் சுழலும்போது பல்பு மங்கலாக இருக்கும். இப்போது அச்சை விரலால் மெல்லப் பிடித்து நிறுத்துங்கள். பல்பு பளிச்சென்று எரியும்! அந்தப் பல்புதான் நம் ரெசிஸ்டர்.

பெரிய ஃபியூஸ், பெரிய ஆபத்து

மாமா கடைசியாக ஃபியூஸ் பெட்டியைத் திறக்கிறார். மூடியில் புளோயருக்கு 25 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறது. உள்ளே செருகியிருப்பதோ 40 ஆம்பியர் ஃபியூஸ். அடிக்கடி உருகுகிறதே என்று எப்போதோ யாரோ மாற்றியிருக்கிறார்கள். பக்கத்திலிருக்கும் கம்பியின் உறை பழுப்பேறியிருக்கிறது.

மாமாவின் முகம் மாறுகிறது. ஏன் என்று கணக்கே சொல்லும். ஒருநாள் 4-லும் மோட்டார் சுழலாமல் நின்றிருந்தால் 45 ஆம்பியர் தொடர்ந்து ஓடியிருக்கும். 25 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால் சீக்கிரமே உருகிக் காப்பாற்றியிருக்கும். 40 ஆம்பியர் ஃபியூஸோ, தன் அளவைவிடச் சற்றே கூடிய 45 ஆம்பியரை நெடுநேரம் உருகாமல் தாங்கக்கூடும். அதற்குள் 45 × 13.5, அதாவது சுமார் 600 வாட், மோட்டாரிலும் கம்பியிலும் வெப்பமாகக் கொட்டும். டாஷ்போர்டுக்குள் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றி வைத்தது போலத்தான். உறை உருகும், கம்பிகள் ஒன்றோடொன்று தொடும், தீப்பிடிக்கும்.

ஃபியூஸ் காப்பது மோட்டாரை மட்டுமல்ல, கம்பியையும்தான். கம்பியின் பருமனுக்கு ஏற்பவே ஃபியூஸின் அளவைக் குறிக்கிறார்கள். ஆகவே உருகிய ஃபியூஸுக்குப் பதிலாகப் பெரிய ஃபியூஸையோ, செம்புக் கம்பியையோ, சிகரெட் பெட்டித் தாளையோ ஒருபோதும் வைக்கக் கூடாது. இது காருக்கு மட்டுமல்ல, உங்கள் வீட்டுக்கும் பொருந்தும்.

அன்று மாலை வேறு மோட்டார், புது ரெசிஸ்டர், 25 ஆம்பியர் ஃபியூஸ் மூன்றும் பொருத்தப்படுகின்றன. பழுப்பேறிய கம்பியும் மாற்றப்படுகிறது. உடைந்த சல்லடைக்கு மேல் வலை அடித்தாயிற்று. குமிழை 1-க்குத் திருப்பியதும் மெல்லிய காற்று வருகிறது. இனி அடுத்த மழைக்குக் கோத்தகிரி போகலாம்.

புதிய கார்களில்

வெப்பநிலையைத் தானே பார்த்துக்கொள்ளும் குளிர்சாதனம் உள்ள கார்களில் இந்தச் சுருள்கள் இருப்பதில்லை. அவற்றின் இடத்தில் டிரான்சிஸ்டர் இருக்கும். பல கார்களில் அது மின்சாரத்தை மிக விரைவாகத் திறந்து மூடுகிறது. திறந்திருக்கும் நேரம் கூடினால் வேகம் கூடும், குறைந்தால் குறையும். வெப்பமாக வீணாவது மிகவும் குறைவு. டிரான்சிஸ்டர் பழுதானால் புளோயர் சுழலாமலே போகலாம். அல்லது முழு வேகத்தில் நிற்காமல் சுழலலாம். ஆனால் இறுகிய மோட்டார் அதையும் எரித்துவிடும். கருவி மாறினாலும் 'ஏன் எரிந்தது?' என்ற கேள்வி மாறுவதில்லை.

வீட்டில் மின்விசிறியோ மிக்ஸியோ நின்றுவிட்டால், எதை மாற்றலாம் என்று உடனே யோசிக்காதீர்கள். எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று முதலில் எழுதுங்கள். எல்லா அறிகுறிகளுக்கும் பொதுவான இடத்தைக் கண்டுபிடியுங்கள். கெட்டது எது என்று தெரிந்த பிறகு, அதைக் கெடுத்தது எது என்று இன்னொரு முறை கேளுங்கள்.

புதிருக்கு விடை: 1-ல் இருக்கும்போது மின்னோட்டம் 'அ', 'ஆ', 'இ' மூன்றையும் கடக்கிறது. 1 வேலை செய்வதால் மூன்று சுருள்களும் நன்றாகவே இருக்கின்றன. வெப்ப ஃபியூஸும் நன்றாக இருக்கிறது. ஆகவே ரெசிஸ்டரின் சுருள்கள்மேல் பழி போட வேண்டாம். பழுது, குமிழுக்குள் 2-ஆம் எண்ணின் தொடுமுனையிலோ, அங்கிருந்து சுருள்களுக்கு வரும் கம்பியிலோ, அதன் இணைப்பிலோ இருக்கிறது.